கோழிக்கூண்டுக்கும் ஊசிக்கும் இடையே

தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் 'தில்லி ஹாட் - ஐ.என்.ஏ.' நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம் எய்ம்ஸ். காலாற நடந்தே போய்விடலாம். இந்தப் பக்கம் ஐ.என்.ஏ. மார்க்கெட். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய காலனியை ஒட்டிய பழைய சந்தை. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் தேடும் தில்லித் தமிழர்கள், கரிமீன் கேட்கும் மலையாளிகள், ஹில்சாவுக்காக வரும் வங்காளிகள், தூதரக வீடுகளின் சமையல்காரர்கள் என்று ஊருக்குள் இருக்கும் எல்லா ஊர்க்காரர்களும் இங்கே வந்து முட்டிக்கொள்வார்கள்.

மீன் வரிசையைத் தாண்டினால் கோழிக்கடைகள். கூண்டுக்கு மேல் கூண்டு. வாடிக்கையாளர் விரலை நீட்டியதும் கடைக்காரர் ஒரு கோழியை இறக்கையோடு சேர்த்துப் பிடித்துத் தூக்குகிறார், எடை போடுகிறார், அறுக்கிறார். தோலுரித்துத் துண்டு போட்டுப் பையில் கட்டிக் கொடுக்கச் சில நிமிடங்கள் போதும். கையுறை, முகக்கவசம் எதுவும் பெரும்பாலும் கிடையாது. நாட்டில் எந்த ஊர்ச் சந்தையிலும் இதுதான் நடக்கிறது. ஐ.என்.ஏ.யின் சிறப்பு அதன் அண்டை வீட்டுக்காரர்கள். நாட்டின் முதன்மை மருத்துவமனையான எய்ம்ஸும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தலைமையகமும் பக்கத்து அன்சாரி நகரில்தான் இருக்கின்றன. பெருந்தொற்று தொடங்கக்கூடிய மாதிரியான ஓர் இடமும், அதற்கு ஊசி தயாரிக்க உத்தரவு போடும் இடமும் ஒரே பேட்டையில்.

2021 ஜூலையில், அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் எய்ம்ஸில் இறந்துபோனான். ரத்தப் புற்றுநோயும் நிமோனியாவுமாகச் சேர்க்கப்பட்டவன். கொரோனா இல்லை என்றது சோதனை. மாதிரி புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போனது. அங்கே தெரியவந்தது, எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல். இந்தியாவில் ஒரு மனிதர் அந்த வைரஸால் இறந்ததாக உறுதியான முதல் சம்பவம் அது. மருத்துவமனை ஊழியர்கள் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்கள். சிறுவனோடு பழகியவர்கள் தேடிப்பிடிக்கப்பட்டார்கள். வேறு யாருக்கும் பரவவில்லை. அதே ஆண்டு ஜனவரியில்தான் தில்லியில் பறவைகள் செத்து விழ, காஜிப்பூர் கோழி மண்டியை மூடி, நகரில் கோழிக்கறி விற்பனைக்கே தடை போட்டிருந்தார்கள். மண்டியிலிருந்து எடுத்த மாதிரிகளில் வைரஸ் இல்லை என்று தெரிந்ததும் சில நாட்களிலேயே தடை நீங்கியது.

உலகம் இந்த வைரஸைக் கண்டு முதலில் நடுங்கியது 1997-ல், ஹாங்காங்கில். 18 பேருக்குத் தொற்று, 6 பேர் மரணம். ஆராய்ந்தபோது சந்தைக் கோழிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் வைரஸ் இருந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் நகரத்திலிருந்த சுமார் 15 லட்சம் பறவைகளையும் கொன்று குவித்தார்கள். தடுப்பூசி எதுவும் கையில் இல்லை, கத்திதான் இருந்தது. பின்னாளில் உயிர்க்கோழி விற்கும் சந்தைகளுக்கு மாதத்தில் 'ஓய்வு நாள்' விட்டுக் கழுவிக் காயவைக்கும் பழக்கம் அங்கே வந்தது. பிறகு இரவில் உயிருள்ள கோழியைக் கடையில் வைத்திருக்கவே கூடாது என்றார்கள். ஆடம்பரம் ஏதுமில்லாத இந்த இரண்டு விதிகளும் வைரஸை வெகுவாகக் குறைத்தன. தண்ணீரும் விளக்குமாறும் செய்கிற வேலையை ஊசி வந்து செய்யட்டும் என்று காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

2003-லிருந்து உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு எச்5என்1 தொற்றியது உறுதியாகியிருக்கிறது. அவர்களில் பாதிப்பேர் பிழைக்கவில்லை. ஒரே ஆறுதல், மனிதரிடமிருந்து மனிதருக்கு அது எளிதாகத் தாவுவதில்லை. அந்த வித்தையை என்றைக்கு அது கற்றுக்கொள்ளும் என்பதுதான் விஞ்ஞானிகளின் கவலை. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் அது தென்பட்டபோது கவலை ஒருபடி ஏறியது. 2025-ல் ஆந்திரத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அதே வைரஸுக்குப் பலியானது.

அப்படி ஒரு நாள் வந்தால் எத்தனை சீக்கிரம் தடுப்பூசி கிடைக்கும்?

இங்கே ஒரு வேடிக்கை. ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசியில் பெரும்பங்கு எண்பது ஆண்டுகளாகக் கோழிமுட்டையில்தான் வளர்கிறது. கருவுற்ற முட்டையைப் பத்துப் பதினொரு நாள் அடைகாக்கும் சூட்டில் வைத்து, ஓட்டில் சிறு துளை போட்டு வைரஸைச் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாளில் கருவைச் சூழ்ந்த நீரில் வைரஸ் கோடிக்கணக்கில் பெருகிவிடும். அந்த நீரை உறிஞ்சியெடுத்து, வைரஸைக் கொன்று, சுத்திகரித்தால் தடுப்பூசிக்கான சரக்கு தயார். ஒரு ஆளுக்கு ஒரு ஊசி என்றால் ஏறக்குறைய ஒரு முட்டை. மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் தனிப் பண்ணைகளிலிருந்து அத்தனை முட்டை வரும். பறவைக் காய்ச்சல் வந்தாலோ முதலில் சாவது முட்டையிடும் கோழி. போதாக்குறைக்கு, எச்5என்1 வைரஸை அப்படியே முட்டைக்குள் விட்டால் அது கருவையே கொன்றுவிடுகிறது, விளைச்சல் சொற்பம்.

இந்த முடிச்சை அவிழ்த்தது மரபணுக் கைவேலை. வைரஸின் மேலுறையிலுள்ள எச் என்ற புரதத்தில் ஒரு சிறு பகுதிதான் அதன் கொடூரத்துக்குக் காரணம். தேளின் கொடுக்கை மட்டும் ஒடிப்பதுபோல அந்தத் துண்டை நீக்கிவிட்டு, மிச்சப் புரதத்தை ஆய்வகத்தில் காலங்காலமாக வளர்ந்துவரும் ஒரு சாதுவான ஃப்ளூ வைரஸில் பொருத்துகிறார்கள். உடலுக்கு அடையாளம் காட்ட முகம் இருக்கும், கொல்லும் திறன் இருக்காது. முட்டையிலும் நன்றாக வளரும். 2003-ல் ஹாங்காங்கில் எச்5என்1 மறுபடி தலைகாட்டியபோது, அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை விஞ்ஞானிகள் இப்படியொரு விதை வைரஸை நான்கே வாரத்தில் உருவாக்கிக் காட்டினார்கள்.

இன்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், நிபுணர்களைக் கூட்டுகிறது. உலவும் பறவை வைரஸ்களில் எவற்றுக்கு விதை வைரஸ் தயாராக இருக்க வேண்டும் என்று பட்டியலைப் புதுப்பிக்கிறது. அவற்றில் பல ஒருபோதும் ஊசியாக மாறப்போவதில்லை. ஆனாலும் செய்து அலமாரியில் வைக்கிறார்கள். தலைப்புச் செய்தியில் வராத இந்த வேலைதான், நெருக்கடி நேரத்தில் 'அதிவேகம்' என்று பெயர் வாங்குகிறது.

இந்தியாவுக்கு வேகம் புதிதல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது, ஏற்கெனவே காலரா தடுப்பூசியோடு இந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்த ரஷ்ய யூத விஞ்ஞானி வால்டெமர் ஹாஃப்கினை அரசு அழைத்தது. அக்டோபரில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சிறிய இடம் ஒன்றில் வேலையைத் தொடங்கினார். 1897 ஜனவரி 10 அன்று தன் உடம்பிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டார். மூன்றே மாதம். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறைக் கைதிகளிடம் பரிசோதனை. அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. 1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் அந்த ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து போயிருந்தது. பழி ஹாஃப்கின் தலையில் விழுந்து, பதவியும் போயிற்று. ஊசி போட்ட இடத்தில், புட்டியைத் திறக்கும்போது அழுக்குப் பட்டிருக்க வேண்டும் என்று வாதாடி, மலேரியா விஞ்ஞானி ரொனால்ட் ராஸ் உள்ளிட்டோர் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். 1907-ல்தான் களங்கம் துடைக்கப்பட்டது. கண்டுபிடிக்க ஆன காலம் மூன்று மாதம், ஒரு புட்டியால் போன பெயரை மீட்க ஐந்து ஆண்டு.

நேர்மாறான கதை 2009-ல். ஏப்ரலில் வட அமெரிக்காவில் புதிய எச்1என்1 காய்ச்சல் புறப்பட்டது. ஜூன் 11 அன்று அது உலகப் பெருந்தொற்று என்று அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் புனேயில் பள்ளிகள் மூடப்பட்டு, முகக்கவசம் வாங்க மருந்துக்கடைகளில் வரிசை நின்றது. ஜைடஸ் காடிலாவின் உள்நாட்டு ஊசி சந்தைக்கு வந்தது 2010 ஜூனில். சீரம் நிறுவனத்தின் மூக்கில் விடும் மருந்து ஜூலையில். ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வருவதற்குள் பந்தலைப் பிரித்த கதை. அந்த வைரஸ் முழுசாகப் போய்விடவும் இல்லை. 2015-ல் அதுவே இந்தியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

அதன்பின் பத்து ஆண்டில் காட்சி மாறியது. 2020 ஜனவரி 11 வாக்கில் கொரோனாவின் மரபணு வரிசையைச் சீன விஞ்ஞானிகள் உலகுக்கு வெளியிட்டார்கள். மார்ச் 16 அன்று அமெரிக்காவின் சியாட்டிலில் மாடர்னாவின் எம்.ஆர்.என்.ஏ. ஊசி முதல் ஆளின் கையில் ஏறியது. வைரஸைக் கையால் தொடவே தேவையில்லை. அதன் எழுத்து வரிசை போதும். ஆனால் அந்த இரண்டு மாதத்துக்குப் பின்னால் பதினைந்து ஆண்டு இருக்கிறது. கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் எம்.ஆர்.என்.ஏ.யை உடல் சீறாமல் ஏற்கச் செய்யும் வழியை எழுதி வெளியிட்டது 2005-ல். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நோபல் பரிசு 2023-ல் வந்தது. கொரோனாவின் முள் புரதத்தைக் குலையாமல் நிறுத்தும் உத்தியும், மெர்ஸ் என்ற வேறொரு கொரோனா வைரஸை வைத்து முன்பே பழகிப் பார்த்ததுதான்.

இந்தியா தேர்ந்தெடுத்தது பழைய பாதை: வைரஸை வளர்த்து, ரசாயனத்தால் கொன்று, ஊசியாக்குவது. புனே தேசிய வைராலஜி நிறுவனம் நோயாளி ஒருவரிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸை ஐ.சி.எம்.ஆர். ஐதராபாத் பாரத் பயோடெக்கிடம் கொடுத்தது. அதை நிறுவிய கிருஷ்ணா எல்லா திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஊசியை முதலில் குரங்குகளிடம் சோதிக்க வேண்டும். ஆய்வகங்களில் இருந்தவை வயதான குரங்குகள், இளங்குரங்குகள் தேவைப்பட்டன. ஊரடங்கில் சோறு போட ஆளில்லாமல் ஊர்க் குரங்குகள் காட்டுக்குள் போய்விட்டிருந்தன. மகாராஷ்டிரக் காடுகளில் வனத்துறையோடு சேர்ந்து தேடியலைந்து, கடைசியில் நாக்பூர் பக்கம் பிடித்த கதையை ஐ.சி.எம்.ஆரின் அன்றைய தலைவர் பல்ராம் பார்கவா தன் 'கோயிங் வைரல்' நூலில் எழுதியிருக்கிறார். உலகத் தரத் தடுப்பூசி ஒன்று இருபது குரங்குகளுக்காகக் காத்து நின்றது. நெருக்கடியில் நம்மைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சங்கதிகள்தான்.

அதே பார்கவா 2020 ஜூலை 2 அன்று பன்னிரண்டு மருத்துவமனைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆகஸ்ட் 15-க்குள் தடுப்பூசியை மக்களுக்குக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம், சுறுசுறுப்பாக வேலையை முடியுங்கள் என்பது சாரம். மனிதரிடம் ஒரு ஊசிகூடப் போட்டிராத நேரம் அது. இந்திய அறிவியல் அகாதமியே இந்தக் கெடு நியாயமற்றது என்றது. சுதந்திர தினம் ஆய்வகத்துக்குத் தெரியாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊற வாரக்கணக்கு ஆகும் என்றால் ஆகத்தான் செய்யும். கெடு ஓசையில்லாமல் கைவிடப்பட்டது.

ஜூலை 24 அன்று எய்ம்ஸில் முதல் தன்னார்வலருக்குக் கோவாக்சின் என்று பெயரிடப்பட்ட பாரத் பயோடெக் ஊசி போடப்பட்டது. நாடு முழுக்க முதல் கட்டத்தில் 375 பேர். செங்கல்பட்டு மாவட்டம் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் அதில் ஒரு களம். தில்லியில் அப்போது ஊசிக்குப் பெயர் கொடுக்க ஆயிரக்கணக்கில் ஆள் வந்தார்கள். சோதித்துப் பார்த்தால் கணிசமானவர்களுக்கு ஏற்கெனவே, தெரியாமலேயே, தொற்று வந்துபோயிருந்தது. அவர்களைச் சேர்க்க முடியாது. டிசம்பரில் நிலைமை தலைகீழ். மூன்றாம் கட்டத்துக்கு எய்ம்ஸில் போதுமான ஆள் கிடைக்கவில்லை. எல்லோருக்கும்தான் ஊசி வரப்போகிறதே, நாங்கள் எதற்குச் சோதனை எலியாக வேண்டும் என்பது மக்கள் கேட்ட கேள்வி. கேள்வியில் தப்பில்லை. பாதிப்பேருக்கு உண்மை மருந்து, பாதிப்பேருக்கு வெற்று ஊசி போட்டு, யார் யாருக்கு நோய் வருகிறது என்று மாதக்கணக்கில் கவனித்தால்தான் ஊசி வேலை செய்கிறதா என்று தெரியும். அதற்கு ஆயிரக்கணக்கான மனிதர்கள் பொறுமையாக ஒத்துழைக்க வேண்டும். கோவாக்சினுக்குத் தேவைப்பட்டது 25,800 பேர்.

முடிவுகள் வருவதற்கு முன்பே, 2021 ஜனவரி 3 அன்று அவசர அனுமதி கொடுத்துவிட்டார்கள். இடைக்கால முடிவு மார்ச்சில்தான் வந்தது. இறுதிக் கணக்கில் 77.8 சதவீதப் பாதுகாப்பு. ஊசி நல்ல ஊசிதான் என்று ஆயிற்று. ஆனால் விடைத்தாள் திருத்துவதற்குள் தேர்ச்சி போட்டதால் வந்த சந்தேகம் சும்மா போகவில்லை. ஜனவரி 16 அன்று எய்ம்ஸில் ஒரு துப்புரவுப் பணியாளருக்கு முதல் ஊசி போட்டுப் படம் பிடித்தார்கள். முதல் வாரங்களில் மருத்துவர்கள், செவிலியர்களே பலர் தயங்கி நின்றார்கள்.

பிறகு ஏப்ரலில் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. தில்லியில் ஆக்சிஜனுக்கு அலைந்த அந்த நாட்களில், தயங்கியவர்களும் ஊசிக்கு வரிசை கட்டினார்கள். ஊசி இல்லை. உயிருள்ள கொரோனா வைரஸைக் கையாளும் பாதுகாப்பு வாய்ந்த தொழிற்கூடங்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு தொகுதி கோவாக்சின் தயாராகி, தரச்சோதனை முடிந்து வெளிவர 120 நாள் ஆகும் என்று நிறுவனமே சொன்னது. மே மாதம் தில்லி அரசு பல கோவாக்சின் மையங்களை இழுத்து மூடியது.

அப்போது தமிழ்நாட்டில் ஒரு தடுப்பூசி ஆலை சும்மா கிடந்தது. செங்கல்பட்டு அருகே திருமணியில் நூறு ஏக்கரில் மத்திய அரசின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012-ல் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்றது. கூடுதல் நிதி இல்லாததால் உற்பத்தி தொடங்கவே இல்லை. 2021 மே மாதம் புதிதாகப் பதவியேற்ற முதல்வர் மு.க. ஸ்டாலின் நேரில் பார்த்துவிட்டு, ஆலையை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். பெருந்தொற்று முடிந்தது, ஆலையில் ஒரு கொரோனா ஊசிகூட உற்பத்தியாகவில்லை. இதற்கும் முன்கதை உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், இமாச்சலத்தின் கசௌலி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் உரிமமும் தரக்குறைபாட்டைக் காரணம் காட்டி 2008 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. தரம் முக்கியம்தான். குறையைச் சரிசெய்யாமல் கதவைப் பூட்டியதற்கான விலை பதின்மூன்று ஆண்டு கழித்து வந்தது.

அடுத்த முறைக்கு என்ன திட்டம்? 2017 ஜனவரியில் டாவோஸில் தொடங்கிய 'செப்பி' என்ற பன்னாட்டுக் கூட்டணி, புதிய கிருமி தெரிந்த நூறு நாளில் தடுப்பூசி என்ற இலக்கை வைத்திருக்கிறது. அதை நிறுவிய அரசுகளில் இந்தியாவும் ஒன்று. அதன் ஆய்வக வலையமைப்பில் தில்லியை ஒட்டிய ஃபரிதாபாத் டி.எச்.எஸ்.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. கொரோனாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மரபணு வரிசை வந்த நாளிலிருந்து நூறு நாள் என்றால் 2020 ஏப்ரல் 20. இந்தியாவில் அன்று மொத்தத் தொற்று இருபதாயிரத்தைத் தொடவில்லை. நிஜத்தில் ஊசி தொடங்கிய நாளில் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. அரசுக் கணக்கிலேயே ஒன்றரை லட்சம் பேர் இறந்திருந்தார்கள்.

இலக்கு எட்டக்கூடியதே. புனே ஜென்னோவா நிறுவனம் இந்தியாவின் முதல் எம்.ஆர்.என்.ஏ. ஊசிக்கு 2022 ஜூனில் அனுமதி வாங்கியது. சாதாரண மருந்துக்கடைக் குளிர்பெட்டியிலேயே வைக்கலாம் என்பது நம் ஊருக்கு முக்கியமான விஷயம். முட்டை, கோழி எதற்கும் காத்திருக்க வேண்டாம். ஆனால் நூறு நாள் என்பது அனுமதி வரைக்குமான கணக்கு. ஆலை, புட்டி, குளிர்பெட்டி, ஊசி போடும் செவிலி, சட்டைக் கையை மடக்கிக் கொடுக்கும் மனிதர் எல்லாம் அதற்கு அப்பால். பணமும் நிலையில்லாதது. மாடர்னாவின் பறவைக் காய்ச்சல் ஊசிக்குக் கொடுப்பதாகச் சொன்ன பல கோடி டாலரை 2025 மே மாதம் அமெரிக்க அரசு ரத்து செய்துவிட்டது.

ஃபின்லாந்து வேறு மாதிரி யோசித்தது. 2024-ல், அங்கே மனிதர் ஒருவருக்கும் பறவைக் காய்ச்சல் வராத நிலையிலேயே, கோழிப்பண்ணை, விலங்கு ரோமப் பண்ணைத் தொழிலாளிகளுக்கு எச்5 தடுப்பூசி போடத் தொடங்கியது. உலகிலேயே முதல் நாடு. அமெரிக்கா அதே ஆண்டு, பண்ணையாட்களுக்கு வழக்கமான ஃப்ளூ ஊசியையாவது போடுங்கள் என்று பணம் ஒதுக்கியது. பறவைக் காய்ச்சலை அது தடுக்காது. ஆனால் மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே ஆளின் உடம்பில் ஒரே நேரத்தில் குடியேறினால், மரபணுவை மாற்றிக்கொண்டு மனிதரிடம் எளிதில் பரவும் புது வைரஸ் பிறக்கலாம். அந்தச் சந்திப்பு நடக்கும் வாய்ப்பைச் சாதாரண ஊசி குறைக்கும். இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்தால் கிடைக்கும். காலை முதல் இரவு வரை கோழி அறுக்கும் ஐ.என்.ஏ. கடைப் பையன்களுக்கு அதை யார் போடுவது, எந்தக் கணக்கில் செலவெழுதுவது என்பது அன்சாரி நகரில் நடக்க வேண்டிய ஒரு கூட்டத்தின் பொருள்.